"பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் ஒரு பிள்ளை தலைதெறிக்க ஓடினால் போதும், "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு, மெதுவா போடி" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். பேருந்தைப் பிடிக்க ஓடினாலும் அதே பெயர்தான். அந்தப் பெயரை வசவாகவே கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஆள் யார், எந்த வருடம், என்னதான் ஓடினார் என்று கேட்டால் பாதிப் பேருக்கு "ஒலிம்பிக்கில் ஜஸ்ட் மிஸ்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. காலையில் மைதானத்தில் நடக்கப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்கள் சில நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

பி.டி. என்றால் பி.டி. பீரியடில் வரும் பி.டி.யா?

சிரிக்காதீர்கள், நானே ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். விளையாட்டு வாத்தியாரை "பி.டி. சார்" என்று கூப்பிடும் ஊரில் வேறு எப்படி நினைப்பது? உண்மையில் அது பிலாவுள்ளகண்டி தெக்கேபரம்பில். கேரளத்தில் வீட்டுப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அந்த வழக்கம்தான்.

எந்த ஊர்க்காரர்?

கோழிக்கோடு மாவட்டம். 1964 ஜூன் 27 அன்று பேராம்பிராவை அடுத்த கூத்தாளியில் பிறந்தார், வளர்ந்தது கடலோரத்தில் இருக்கும் பய்யோளியில். "பய்யோளி எக்ஸ்பிரஸ்" என்ற பட்டப்பெயர் அங்கிருந்து வந்ததுதான். நான்காம் வகுப்பு படிக்கும்போதே தன்னைவிட மூத்த, மாவட்ட அளவில் ஜெயித்த ஒரு பெண்ணோடு பள்ளியில் ஓடவிட்டார்களாம், இவர் முந்திவிட்டார். 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது, அதில் எடுக்கப்பட்ட 40 சிறுமிகளில் இவரும் ஒருவர். தங்க இடம், சாப்பாடு, மாதம் ஒரு சிறு உதவித்தொகை. இன்றைக்குப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. வசதியில்லாத வீட்டுப் பெண்ணை ஓட அனுப்ப அப்போது அதுதான் ஒரே வழி. உஷா, ஷைனி, வல்சம்மா என்று ஓட்டக்காரிகள் ஒரே காலத்தில் ஒரே மாநிலத்திலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் முதலில் இந்த மாதிரி விடுதிகளைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர், மீன் என்று காரணம் சொல்வதெல்லாம் அப்புறம்.

நம்பியார் யார்?

ஓ.எம். நம்பியார். நம் சினிமா நம்பியார் இல்லை! விமானப்படையில் இருந்துவிட்டு, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, கண்ணூர் விளையாட்டுப் பிரிவுக்கு வந்தவர். ஒல்லியான அந்தச் சிறுமியின் வேக நடையைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார் என்பார்கள். சிந்தெடிக் டிராக் பக்கத்தில் எங்கும் கிடையாது. இருந்தது மண் மைதானமும் பய்யோளிக் கடற்கரையும்தான். மணலில் ஓடவிட்டார். மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வோர் அடியும் கால் உள்ளே போகும், இரண்டு மடங்கு உழைத்தால்தான் ஒரு மடங்கு முன்னேறலாம். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர்களில் நம்பியாரும் உண்டு. பத்மஸ்ரீ மட்டும் 2021இல்தான் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்டில், நீரஜ் சோப்ரா தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்று 12 நாட்களில், காலமானார்.

முதல் ஒலிம்பிக் எது?

1980 மாஸ்கோ. வயது 16. 100 மீட்டரில் முதல் சுற்றோடு வெளியேறினார். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த வயதில் அங்கே நின்றதே அனுபவம்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினாரா?

இல்லை, இரண்டு வெள்ளி. 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்தினார், 200 மீட்டரில் ஜப்பானின் ஹிரோமி இசோசாகி. அங்கே தடகளத்தில் தங்கம் வென்ற இந்தியப் பெண் எம்.டி. வல்சம்மா, 400 மீட்டர் தடை ஓட்டத்தில். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

குறுந்தூரம் ஓடிக்கொண்டிருந்தவர் ஏன் தடை ஓட்டத்துக்குப் போனார்?

100, 200 மீட்டரில் ஆசியாவிலேயே முதலிடம் கிடைக்காதபோது உலக அளவில் இறுதிச் சுற்று என்பது கனவுதான். ஆனால் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. புதுப் போட்டி, பல நாட்டுக்காரர்களும் அதில் கற்றுக்குட்டிகள்தான். வேகமும் இருக்கிறது, கால் நீளமும் இருக்கிறது, தாண்டப் பழகினால் வாய்ப்பு உண்டு என்று நம்பியார் போட்ட கணக்கு அது. என்னைக் கேட்டால் இந்தியத் தடகள வரலாற்றில் ஒரு பயிற்சியாளர் எடுத்த ஆகப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான். 84இல்தான் இந்தப் போட்டியைத் தீவிரமாகக் கையில் எடுத்தார் உஷா, எடுத்த வேகத்தில் ஆசியச் சாம்பியன் வல்சம்மாவையே முந்திவிட்டார்.

தெரியாதவர்களுக்காக: மொத்தம் பத்துத் தடைகள். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். ஒவ்வோர் இடைவெளியிலும் இத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருப்பார்கள். ஓர் எட்டு பிசகினால் எந்தக் காலால் தாண்டுவது என்பதே குழம்பிவிடும். வேகமாக ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது, களைத்துப்போன பிறகும் கணக்கு தப்பக் கூடாது.

சரி, 1984 ஆகஸ்ட் 8 அன்று என்னதான் நடந்தது?

முதலில், அதற்கு முன்பே நடந்த அரையிறுதி. அதில் உஷா 55.94 நொடியில் முதலாவதாக வந்தார், அமெரிக்காவின் ஜூடி பிரவுனை அவர் ஊரிலேயே பின்னால் தள்ளி. ஒலிம்பிக் தடகள இறுதிக்கு ஓர் இந்தியப் பெண் போனது அதுதான் முதல் தடவை. அதனால் இறுதியில் பதக்கம் என்பது ஆசை மட்டுமல்ல, நியாயமான எதிர்பார்ப்பும்கூட.

இறுதியில் துப்பாக்கி வெடித்ததும் உஷா அருமையாகக் கிளம்பினார். ஆனால் வேறொருவர் முன்னாலேயே பாய்ந்துவிட்டதால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி போய் குனிந்து, மறுபடி மூச்சை அடக்கி, மறுபடி காத்திருந்து கிளம்பியபோது முதல் தடவை இருந்த அந்தச் சீறல் இல்லை, ஸ்டார்டிங் பிளாக்கிலிருந்து கொஞ்சம் தாமதமாகவே எழுந்தார். முன்னால் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார், அவரை யாரும் பிடிக்கவில்லை, 54.61. ஜூடி பிரவுன் 55.20. மூன்றாம் இடத்துக்கு ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவும் உஷாவும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். வெறும் கண்ணால் யாரும் சொல்ல முடியாது. ஃபோட்டோ ஃபினிஷ் பார்த்துச் சொன்னார்கள்: கொஜோகாரு 55.41, உஷா 55.42.

ஓர் இடைச்செருகல். அன்று ஜெயித்த நவால்தான் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண், முதல் ஆப்பிரிக்க முஸ்லிம் பெண். அன்றைக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயரை வைக்கச் சொன்னாராம் அந்த நாட்டு மன்னர். நம் பக்கத்தில் நாலாமிடத்துக்காக அழுதுகொண்டிருந்த அதே ஓட்டம், இன்னொரு நாட்டுக்கு எப்பேர்ப்பட்ட நாள் பாருங்கள்.

நூற்றில் ஒரு பங்கு நொடி என்றால் எவ்வளவு தூரம்?

400 மீட்டரை 55.42ஆல் வகுத்தால் நொடிக்கு 7 மீட்டர் சொச்சம். அதில் நூற்றில் ஒரு பங்கு 7 சென்டிமீட்டர். ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். தலை, கை, கால் எது முன்னால் போனாலும் கணக்கில் வராது, உடல்பகுதிதான் கோட்டைத் தொட வேண்டும். அதனால்தான் கடைசி எட்டில் நெஞ்சை முன்னால் தள்ளுவார்கள். கோட்டருகே நெஞ்சைச் சரியாகத் தள்ளவில்லை என்று உஷாவே பிறகு வருந்தியிருக்கிறார். இந்தப் போட்டிக்கு இப்படி ஒரு ராசி போல, நான்கு வருடம் கழித்து 1988 சியோலில் இதே ஓட்டத்தில் தங்கமே 53.17க்கும் 53.18க்கும் நடுவில்தான் முடிவானது.

அங்கே சாப்பாடு சரியில்லை என்று சொல்கிறார்களே?

அவரே பின்னாளில் பேட்டியில் சொன்னதுதான். ஒலிம்பிக் கிராமத்தில் நமக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாக ஓட்டியிருக்கிறார், கடைசி 35 மீட்டரில் தெம்பு தாக்குப்பிடிக்காததற்கு அது காரணம் என்கிறார். கடைசித் தடையிலிருந்து கோடு வரை 40 மீட்டர் என்று மேலே சொன்னேன் அல்லவா? தாண்ட வேண்டியதை எல்லாம் தாண்டியாகிவிட்டது, வெறும் ஓட்டம்தான் பாக்கி, அங்கேதான் பதக்கம் போயிருக்கிறது. உலகத்தின் நாலாவது ஓட்டக்காரி கஞ்சி குடித்துவிட்டு ஓடினார் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கூடப் போன அதிகாரிகள் கவனிக்க வேண்டிய வேலை அது.

சோவியத், கிழக்கு ஜெர்மனி எல்லாம் வராததால்தானே அந்த இடம்?

அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்து அவர்கள் வரவில்லை என்பது உண்மை. அப்போதைய உலக சாதனை 53.58, சோவியத்தின் மார்கரீட்டா பொனமர்யோவாவுடையது, அவர் அங்கே இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வராதவர்கள் கணக்கை உஷாவுக்கு மட்டும் போட்டு, ஜெயித்த மற்ற மூன்று பேருக்கும் போடாமல் விடுவது என்ன நியாயம்? அப்புறம், அவர் அந்தப் போட்டிக்குள் வந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த ஓட்டத்தைத் தவிர வேறு என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

1985 ஜகார்த்தா, ஆசியத் தடகளப் போட்டி (எல்லா விளையாட்டும் சேர்ந்த ஆசிய விளையாட்டு வேறு, இது தடகளத்துக்கு மட்டும்). 100, 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம், ஐந்திலும் தங்கம். 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம். ஒரே போட்டித் தொடரில் ஆறு பதக்கம். தகுதிச் சுற்றுகளையும் கூட்டினால் சில நாட்களுக்குள் எத்தனை தடவை ஸ்டார்டிங் பிளாக்கில் போய் உட்கார்ந்திருப்பார் என்று யோசியுங்கள். அதுவும் 100 மீட்டருக்கு வேண்டிய உடம்பு வேறு, 400 மீட்டர் தடைக்கு வேண்டிய உடம்பு வேறு. இன்றைக்கு இந்தக் கலவையை முயற்சி செய்ய எந்தப் பயிற்சியாளரும் விடமாட்டார்.

அடுத்த வருடம் சியோல் ஆசிய விளையாட்டு, 1986. 200, 400, தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் என நான்கு தங்கம், 100 மீட்டரில் மறுபடியும் லிடியா டி வேகாவிடம் தோற்று ஒரு வெள்ளி. இந்தியா அந்தப் போட்டியில் மொத்தமாக வாங்கிய தங்கம் ஐந்து. ஐந்தாவது மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் வாங்கியது. அதாவது ஒரு நாட்டின் தங்கக் கணக்கில் ஐந்தில் நான்கு ஒரே பெண்ணின் காலில் இருந்தது. தொடர் ஓட்டத்தில் கூட ஓடியவர்கள் ஷைனி ஆப்ரகாம், வல்சம்மா, வந்தனா ராவ். இதில் ஷைனியின் கதை தனிச் சோகம், அதே சியோலில் 800 மீட்டரில் முதலில் வந்தும், லேனை விட்டு முன்கூட்டியே உள்ளே வந்ததற்காக நீக்கிவிட்டார்கள்.

1987 சிங்கப்பூர், 1989 டெல்லி ஆசியத் தடகளப் போட்டிகளிலும் தங்கங்கள் தொடர்ந்தன, டெல்லியில் மட்டும் நான்கு. 1983 முதல் 1989 வரை ஆசியாவில் இவரை வைத்துத்தான் மற்றவர்கள் தங்கள் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

1988 ஒலிம்பிக்கில் ஏன் சொதப்பினார்?

குதிகால் காயம். தடை ஓட்டத்தின் முதல் சுற்றிலேயே கடைசியாக வந்தார், நேரம் ஒரு நிமிடத்துக்கு ஒட்டி. காயத்தோடு ஏன் போனார் என்று அன்று திட்டாத ஆளில்லை. இரண்டு வருடம் முன்னால் அதே ஊரில் நான்கு தங்கம் வாங்கியபோது தோளில் தூக்கியவர்கள்தான் அவர்களும்.

கல்யாணத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டாரா?

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளி வாங்கிவிட்டு ஒதுங்கினார். 1991இல் ஸ்ரீனிவாசனோடு திருமணம், மறு வருடம் மகன். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் திரும்பி வந்தார், கணவர் கொடுத்த ஊக்கம் என்று அவரே சொல்கிறார். 1994 ஹிரோஷிமாவில் தொடர் ஓட்ட வெள்ளி. 1998இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஆசியத் தடகளப் போட்டி, வயது 34, பள்ளி போகும் வயதில் பிள்ளை, 200, 400 இரண்டிலும் வெண்கலம், 4x100 தொடர் ஓட்டத்தில் தேசிய சாதனையோடு தங்கம். "குழந்தை பிறந்த பிறகு உடம்பு பழையபடி வராது" என்று சொல்லும் சித்திகளிடம் இந்த ஒரு வருடத்தைச் சொல்லிப் பாருங்கள். 2000இல் ஓய்வு.

மொத்தம் எத்தனை பதக்கம்?

ஆசிய விளையாட்டுகளில் 4 தங்கம், 7 வெள்ளி. ஆசியத் தடகளப் போட்டிகளில் 14 தங்கம், 6 வெள்ளி, 3 வெண்கலம். உள்ளூர்க் கணக்கை நான் எண்ணவில்லை.

இந்தியப் பெண்களில் முதலில் ஓடியவர் இவர்தானா?

இல்லவே இல்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலேயே நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் ஓடியிருக்கிறார்கள். ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் கமல்ஜீத் சந்து, 1970 பாங்காக், 400 மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸிலேயே ஷைனி 800 மீட்டர் அரையிறுதி வரை போனார், 4x400 அணி இறுதிக்கே போய் ஏழாவதாக வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் 2000 சிட்னியில் பளு தூக்கிய கர்ணம் மல்லேஸ்வரி. உஷாவை எல்லாவற்றுக்கும் "முதல்" ஆக்கினால் இவர்கள் பெயரெல்லாம் அழிந்துவிடும்.

55.42 சாதனை இன்னும் இருக்கிறதா?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1984 ஆகஸ்டில் போட்ட அந்த நேரம் தேசிய சாதனையாக 39 வருடம் யாராலும் தொட முடியாமல் நின்றது. 2023 அக்டோபர் 2 அன்று சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் ஓடி முடித்தபோது பலகையில் வந்த எண் 55.42. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் இறுதியில் வெண்கலம். இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை ஓட்டக்காரர்தான். உஷா தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர், வித்யாவும் ரயில்வே வேலைதான், எக்ஸ்பிரஸ் என்ற பெயர் பொருத்தம்தான் போங்கள்.

ஒரு சாதனை 39 வருடம் நின்றால் அது ஓடியவருக்குப் பெருமை, சரி. இத்தனை சிந்தெடிக் டிராக்கும் வெளிநாட்டுப் பயிற்சியும் வந்த பிறகும் நின்றது என்றால் மற்றவர்கள் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்?

2002இல் உஷா தடகளப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் கொயிலாண்டியில், பிறகு கோழிக்கோடு மாவட்டத்திலேயே கினாலூரில் அரசு தந்த நிலத்தில். சிறுமிகளை எடுத்து, தங்கவைத்து, வருடக்கணக்கில் பழக்குவது. தனக்குக் கண்ணூரில் கிடைத்ததைத் திருப்பிச் செய்கிறார். அங்கிருந்து வந்த டின்டு லூகா 2010இல் 800 மீட்டரை 1:59.17இல் ஓடி தேசிய சாதனை போட்டார். அதுவரை சாதனை வைத்திருந்தது யார் தெரியுமா, நம் ஷைனிதான், 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் ஓடியது.

எம்.பி. ஆகிவிட்டாரே, அதைப் பற்றி?

2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர், இளையராஜாவும் அதே பட்டியலில்தான். அந்த டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி வீதியில் உட்கார்ந்தபோது, தெருவில் போராடுவது நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்கிற மாதிரி பேசினார், பலத்த கண்டனம் எழுந்தது, பிறகு போராட்டக் களத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஓடிய காலத்தில் அதிகாரிகள் கவனிக்காமல் விட்டதால் கஞ்சி குடித்தவர், அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அதற்காக ஜகார்த்தாவும் சியோலும் இல்லையென்று ஆகிவிடாது.

1984 ஓட்டத்தின் காணொளியைப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் தடவை நவாலை விட்டுவிடுங்கள், அவர் பாட்டுக்கு ஜெயித்துவிடுவார். உஷா பத்தாவது தடையைத் தாண்டிக் கால் ஊன்றும் இடத்திலிருந்து வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கொஜோகாரு வந்துகொண்டிருப்பார். கோட்டருகே யார் உடம்பு குனிகிறது, யார் உடம்பு நிமிர்ந்தே இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்த முறை குனிந்துவிடுவார் என்றுதான் தோன்றும்.